நாற்பத்தோரு வெள்ளைச் சட்டைகள்

என் அண்ணனுக்குத் தீபாவளி ஆவணி மாதமே வந்துவிடும். மலாக்கா டவுனில் இருந்த மொத்தக் கடைகளிலிருந்து தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கும் குத்தகை அவர் கையில் இருந்தது. லாரி ஒன்றுதான். ஜப்பான் காலத்துக்கும் முந்தியது. மேடு ஏறும்போது இருமும். செங், குருபோங், டுரியான் துங்கல் தாண்டி சிலாண்டார் வரை போய், அங்கிருந்து செம்மண் பாதையில் பிரிந்து கிடக்கும் ஐந்து தோட்டங்கள்தான் எங்கள் வழி. வருடத்தில் பத்து மாதம் வாரம் ஒரு நடை போதும். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் மட்டும் லாரிக்கும் ஓய்வில்லை, எங்களுக்கும் ஓய்வில்லை.

அது அவசரகாலம் தொடங்கி நாலாவது தீபாவளி. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் கட்டிய கட்டுகள் எல்லாம் எங்கள் லாரியின் மேல்தான் விழுந்தன. பால் டின், மீன் டின் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஓட்டை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், யாரும் பதுக்கி வைக்க முடியாது. நானும் அண்ணியும் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து சுத்தியலும் ஆணியுமாக அந்த வேலையைச் செய்வோம். எறும்பு மொய்ப்பதற்குள் லாரி கிளம்பியாக வேண்டும். சாமான் பட்டியல் மூன்று பிரதி. தார்ப்பாய் கட்டிய பிறகு போலீஸ் நிலையத்தில் கயிற்று முடிச்சில் முத்திரை வைப்பார்கள். ஒரு சோதனைச் சாவடியில் புறப்பட்ட நேரம் எழுதப்படும், அடுத்த சாவடியில் வந்து சேர்ந்த நேரம் எழுதப்படும். நடுவில் நிற்கக் கூடாது. பத்து நிமிடம் பிந்தினாலும் எங்கே நின்றாய், யாருக்கு என்ன இறக்கினாய் என்று கேட்பார்கள்.

அதனால் அண்ணன் வெறும் லாரியை ஓட்டிப் பழகுவார். கடன் வாங்கிய கைக்கடிகாரத்தை ஸ்டீரிங்கில் கட்டிக்கொண்டு, குருபோங்கிலிருந்து டுரியான் துங்கலுக்கு எத்தனை நிமிடம், மழை பெய்தால் எத்தனை நிமிடம் என்று மனப்பாடம் செய்துகொள்வார். டயர், வில்பட்டை, தண்ணீர்க் குழாய் எல்லாம் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவார். வழியில் லாரி நின்றுபோவதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

நான் லாரியில் ஏறியதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அந்த வட்டாரத்தில் காட்டுக்காரர்கள் ஒரு பஸ்ஸைக் கொளுத்திய பிறகு கூட வந்துகொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டாவது, முந்திய வருடம் அண்ணன் கங்காணிகளிடம் கேட்டு எழுதி வந்த சேலை, ரவிக்கைத் துணி கணக்கெல்லாம் தாறுமாறாகிப் பெண்கள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏழாவது வரை படித்திருந்தேன். கல்யாணம் ஆகாத பிள்ளையை லாரியில் ஏற்றுவதா என்று அண்ணி முணுமுணுத்தாள். ஆனால் பெண்களின் அளவைப் பெண்தான் கேட்க முடியும் என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

நாலு தோட்டங்களில் எழுதி முடிப்பதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு சத்தம். ஒருத்திக்கு மாம்பழ மஞ்சள், இன்னொருத்திக்குக் கத்தரிப்பூ நிறம், பக்கத்து வீட்டுக்காரி எடுத்த கரை தனக்கு வேண்டாம், போன வருடத்துச் சாயம் முதல் துவையலிலேயே போய்விட்டது என்று ஆளுக்கு ஆள் என்னைச் சுற்றிக்கொண்டு பேசினார்கள். உளுந்து, நல்லெண்ணெய், மாவு எவ்வளவு அனுமதி உண்டோ அவ்வளவும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஐந்தாவது தோட்டத்துக்கு மறுநாள் போனோம். ராணுவம் பாதையை மூடியிருந்ததால் இரண்டு மாதத்துக்கு மேலாக அண்ணன் அங்கே போயிருக்கவில்லை.

அது காட்டோரத் தோட்டம். அங்குமிங்குமாக இருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை எல்லாம் பிரித்து, ஒரே இடத்தில் நாற்பத்தோரு வீடுகளாக நெருக்கிக் கட்டி, சுற்றிலும் இரட்டை முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். வாசலில் ஒரு பெண் என் உடம்பைத் தடவிச் சோதித்தாள். பகல் இரண்டு மணி. வெட்டிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்பியிருந்த நேரம்.

விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களம் வீடுகளுக்கு நடுவில் இருந்தது. எப்போதும் போல அண்ணன் லாரியை அதன் மத்தியில் நிறுத்தி ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. பெண்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். பிள்ளைகளும் நின்றார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்வை எல்லாம் லாரிக்கு அடியில் இருந்தது. ஏதாவது ஒழுகுகிறதோ என்று அண்ணன் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கங்காணி வந்தார். நேரே வரவில்லை. களத்தின் ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிக்கொண்டு, குளக்கரையில் நடப்பவரைப் போல வந்தார்.

“லாரிய அந்தத் தண்ணித் தொட்டிக்கிட்ட நிப்பாட்டுங்க தம்பி,” என்றார்.

ஏன், இங்கே மண் இளகியிருக்கிறதா என்று அண்ணன் கேட்டார். கங்காணி தொட்டிப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். அண்ணன் லாரியை எடுத்ததும் அந்த இடத்தைப் பார்த்தேன். பெருக்கிய செம்மண். ஒரு சருகுகூட இல்லை. ஆனால் அதைச் சுற்றி அரைவட்டமாக ஒரு புதிய ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. குறுக்கே நடந்தால் இருபது எட்டுத்தான். அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முதல் வீட்டில் ஆரம்பித்தேன். அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி, கால்சட்டை என்று சொன்னாள். உங்களுக்கு என்ன நிறத்தில் சேலை என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். உளுந்து, எண்ணெய்? வேண்டாம். சரியென்று நோட்டை மூடப் போனபோது என் மணிக்கட்டைத் தொட்டாள்.

“ஒரு வெள்ளச் சட்ட எழுதிக்க தங்கச்சி. அரைக்கை. முப்பத்தாறு.”

அவள் புருஷன் உள்ளே பாயில் படுத்திருந்தார். நல்ல பருமனான ஆள். முப்பத்தாறு அவர் தோளில்கூட ஏறாது. ஊரில் தம்பி யாராவது இருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

இரண்டாவது வீட்டிலும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் துணி. சேலை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை, அரைக்கை, முப்பத்தாறு. மூன்றாவது வீட்டிலும் அதே. ஆறாவது வீட்டுக்கு வந்தபோது யாருக்கு என்று கேட்டேன். அந்தப் பெண் என் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதும் வரைக்கும் அவள் நகரவில்லை.

பத்தாவது வீட்டுக்குப் பிறகு நானே முன்கூட்டி எழுதிவிட்டுப் போனேன். ஆனாலும் ஒவ்வொருத்தியும் அதைத் தன் வாயால் சொன்னாள். ஒரே தாழ்ந்த குரல், ஒரே வார்த்தைகள். ஒருவர் வீட்டில் சொன்னது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது. அப்படியும் யாரும் முப்பத்தெட்டு என்றோ முப்பத்து நாலு என்றோ மாற்றிச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் புருஷனை இழந்த ஒருத்தியும் அவள் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். அங்கேயும் ஒரு ஆண் சட்டை.

இன்னொரு வீட்டில் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வாசலில் இருந்த சின்னப் பெண்ணிடம் உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு விரலை மடக்கினாள். பிறகு களத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஐந்தாவது விரலையும் மடக்கினாள்.

திரும்பும்போது எத்தனை சேலை என்று அண்ணன் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். சட்டைகளைப் பற்றிச் சொன்னேன். குருபோங் சாவடியைத் தாண்டிய பிறகுதான் அவர் பேசினார்.

“காட்டுக்குப் போற சட்டதான் அது. நாப்பத்தோரு பேருக்கு ஆகும். என்னையும் உன்னையும் சேத்து உள்ள தூக்கிப் போட்டுருவான்.”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் காட்டில் இருப்பவர்கள் எல்லாருக்குமா ஒரே உடம்பு இருக்கும்? அவர்கள் வெள்ளைச் சட்டையா போடுவார்கள்? பட்டியலிலிருந்து சட்டைகளை அடித்துவிடலாம் என்றார் அண்ணன். அடித்தால் அந்த நாற்பத்தோரு பெண்களின் முன்னால் போய் எப்படி நிற்பது என்று கேட்டேன்.

அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமைகளில் தோட்டத்து மருந்தகத்துக்கு மருந்து வாங்க டவுனுக்கு வருவார். அண்ணன் அவரை வீட்டுக்கு அழைத்து வந்து நோட்டைக் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீடு வீடாக விரலை வைத்துக் கடைசி வரி வரைக்கும் பார்த்தார். பிறகு அண்ணி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ராணுவ லாரி ஒன்று ஒரு பிரேதத்தைக் கொண்டுவந்து பெரட்டுக்களத்தில் கிடத்தியதாம். இளவட்டம். காட்டில் சுட்டதாம். யாருடைய ஆள் என்று அடையாளம் காட்டும் வரை அங்கேயே கிடக்கும் என்று உத்தரவு. அடையாளம் காட்டும் வீட்டை என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். குடும்பத்தோடு தடுப்பு முகாமுக்கோ, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கப்பலுக்கோதான்.

“நான்தான் புத்தகத்தைப் பாத்துப் பேர் வாசிச்சனான்,” என்றார். “ஒவ்வொருத்தராய் வந்து கிட்ட நிண்டு பாத்தவை. ரெண்டு நாள். ஒருத்தரும் தெரியும் எண்டு சொல்லேல்லை. பிறகு அவங்களே லொறியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.”

அப்படியென்றால் இந்தச் சட்டை என்று அண்ணன் ஆரம்பித்தார். கிராணி காப்பியைக் கீழே வைத்தார்.

“கொண்டு வாங்கோ. ஏன் எண்டு ஒருத்தரையும் கேக்காதையுங்கோ.”

தையல்காரரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். நாற்பத்தோரு சட்டை, எல்லாம் ஒரே அளவு என்றதும் பேண்டு வாத்தியக் கோஷ்டிக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன். சட்டைகள் வந்ததும் பின்கட்டில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொத்தான் சரிபார்த்து வரிசையாக வைத்தேன். மத்தியானம். வெளியே நல்ல வெயில். டின்களுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். ஆணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து எல்லாச் சட்டைகளையும் மடித்து அடுக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரே ஆள் வரிசையாகப் படுத்திருப்பது போலத் தெரிந்தது என்றாள். அவளிடம் நாங்கள் கிராணி சொன்னதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் பேசும்போது அவள் அடுப்படியில் இருந்தாள்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தத் தோட்டத்து நடை. சிலாண்டார் போலீஸ் நிலையத்தில் முத்திரையை உடைத்துச் சாமானைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். சட்டைக் கட்டைப் பிரிக்கச் சொன்னார். இரண்டு மூன்றை எடுத்துக் கழுத்துப் பட்டியைப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான்தான் மலாய் மொழியில் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் இந்த வருடம் பெண்கள் யாரும் சேலை எடுக்கவில்லை, அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு சட்டை, ஒரே அளவில் தைத்தால் தையல்காரர் சீக்கிரம் கொடுப்பார் என்றேன். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். சேலை ஒன்றுகூட இல்லை. ஏன் சேலை எடுக்கவில்லை என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போது அது உண்மைதான்.

அவர் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு ஒரு மைப்புட்டியும் பேனாவும் வரவழைத்தார். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டிக்குள்ளும் வீட்டு எண்ணை எழுத வேண்டும். தீபாவளி கழித்து நாலாம் நாள் பெரட்டுக்களத்துக்கு அவரே வருவார். நாற்பத்தோரு சட்டையும் உடம்பில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் காட்டுக்குப் போனதாகத்தான் அர்த்தம். பட்டியலோடு நாங்கள் இரண்டு பேரும் அங்கே நிற்க வேண்டும்.

நிலையத்து வராந்தாவில் உட்கார்ந்து நானே எழுதினேன். துவைத்தாலும் போகாத மை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பட்டியையும் விரித்துப் பிடித்து எழுதும்போது, பின்பக்கம் திரும்பி நிற்கும் ஒருவனுடைய கழுத்தில் எழுதுவது போலவே இருந்தது. இருபதுக்குப் பிறகு எண்கள் கோணிக்கொண்டன.

அன்று தோட்டத்தில் லாரியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே நிறுத்தினோம். பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளின் துணியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். சட்டையை மட்டும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்கள். யாரும் விரித்துப் பார்க்கவில்லை, தையலை இழுத்துப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் உத்தரவை அண்ணன் எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னார்.

கடைசி வீடு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுடையது. தாய்மார்கள் பால்வெட்டப் போகும்போது அத்தனை குழந்தைகளும் அவளிடம்தான் இருக்கும். உள்ளே வந்து உட்கார் என்றாள். தேநீர் கொடுத்தாள். கிராணி கேட்காதே என்றுதான் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“அவன் இங்க பொறந்தவன் தங்கச்சி. என் கொட்டகையில தூளில கெடந்தவன். பதினாலு வயசுல டவுனுக்கு வேலைக்குன்னு போனான். தோட்டத்துப் புத்தகத்துல பேர வெட்டிட்டாங்க. அப்புறம் இப்படித்தான் வந்தான்.”

வரிசையில் அவனுடைய அம்மாவும் நின்றாளாம். அவள் முறை வந்தது. கிட்டப் போனாள். குனிந்து பார்த்தாள். தெரியாது என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அன்று சாயங்காலம் எல்லாரையும் போல ரேஷன் அரிசிக்கும் வரிசையில் நின்றாள்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, பெரியவர்கள் புதுத்துணி உடுத்த மாட்டார்கள். ஆனால் நாற்பது வீட்டில் பலகாரம் வேகும்போது ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு குளிர்ந்திருந்தால் வாசலில் நிற்கும் காவல்காரனுக்குக்கூடப் புரிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய நாள் செத்தவர்களுக்குப் படைக்கும்போது, ஒரு வீட்டில் மட்டும் இளவட்டத்தின் சட்டை இருந்தாலும் அதே கதைதான். அதனால் எந்த வீட்டிலும் எண்ணெய் இல்லை, எந்தப் பெண்ணுக்கும் சேலை இல்லை, எல்லா வீட்டிலும் ஒரு சட்டை.

எந்த வீடு என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நாப்பத்தோரு வீடுந்தான்,” என்றாள் அவள்.

எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“யாரும் யாருக்கிட்டயும் பேசல. பேசியிருந்தா எவளாச்சும் அழுதிருப்பா.”

“அப்ப அளவு எப்படிக்கா எல்லாரும் ஒண்ணே சொன்னீங்க?”

“பாத்தோமில்ல. ரெண்டு நாள் பாத்தோமில்ல.”

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணன் ஹாரன் அடித்தார். நேரமாகிவிட்டது, சிலாண்டாரில் எங்கள் நேரத்தை எழுதுவார்கள்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் அண்ணி எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் மட்டும் செய்தாள். அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் புதுச்சேலை பல மாதங்கள் மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே இருந்தது.

நாலாம் நாள் பட்டியலோடு போனோம். பால் நிறுத்து முடிந்த நேரம். இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு ஜீப்பில் வந்திருந்தார். கிராணி வாசித்த வரிசைப்படி ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை. முதல் வீட்டுப் பருமனானவருக்குப் பொத்தான் எதுவும் பூட்டவில்லை. தோள் தையல் பிரிந்திருந்தது. ஒல்லியான ஒருவருக்குக் கம்பில் மாட்டியது போலத் தொங்கியது. ஆண் இல்லாத இரண்டு வீட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். பால்வெட்டப் போகும்போது சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம். அப்படித்தான் போட்டிருந்தார்கள். நாற்பத்தோரு உடம்பில் ஒரே ஒருவனுடைய அளவு. யாருக்கும் அது சரியாகப் பொருந்தவில்லை என்பதை நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொருந்தினால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

களத்தில் அவர்கள் வரிசை கட்டவில்லை. அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நேராக நில்லுங்கள் என்று போலீஸ்காரர் அதட்டினார். வட்டம் அசையவில்லை. சரி விடு என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவர் பின்னாலும் போய்க் கழுத்துப் பட்டியைப் புரட்டினார். நான் எழுதிய கோணல் எண்கள். அவர் வாசிக்க வாசிக்க அண்ணன் பட்டியலில் குறித்தார். நாற்பத்தொன்று வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வட்டத்துக்கு நடுவில் போய் நின்று ஏதோ பேச ஆரம்பித்தார். ஒத்துழைப்புக்கு நன்றி என்பது போல. பாதியில் நின்றுவிட்டார். அவருடைய முகத்தை யாரும் பார்க்கவில்லை. நாற்பத்தோரு பேரும், வாசல்களில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் அவருடைய காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றதை. எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போலக் கொஞ்ச நேரம் தடுமாறினார். வட்டத்தை விட்டு வெளியே வரும்போது அவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது அண்ணனிடம், பட்டியல் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று நான் வாசலில் நின்ற பெண்களின் முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்த முகம் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். முடியவில்லை. எல்லா முகமும் ஒன்று போலவே இருந்தது.

அடுத்த வருடம் மறுபடியும் புரட்டாசியில் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். காவல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முதல் வீட்டு அக்கா ஊதா நிறத்தில் சேலை கேட்டாள். உளுந்து எழுதச் சொன்னாள், எண்ணெயும் எழுதச் சொன்னாள். நோட்டை மூடினேன். அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள்.

“ஒரு வெள்ளச் சட்ட தங்கச்சி. அரைக்கை. முப்பத்தெட்டு.”

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். முப்பத்தாறுதானே என்றேன். முப்பத்தெட்டு என்றாள், தெளிவாக. இரண்டாவது வீட்டிலும் முப்பத்தெட்டு. மூன்றாவதிலும் முப்பத்தெட்டு. புருஷன் இல்லாத அந்தப் பெண்ணும் முப்பத்தெட்டு என்றாள். அவளுடைய மகள் பின்னால் நின்று ஆமாம் என்பது போலத் தலையசைத்தாள். கடைசி வீட்டில் ஆயாவிடம் மட்டும் வாய்விட்டுக் கேட்டேன். அவள் குழந்தை ஒன்றை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வளர்ற வயசுல்ல,” என்றாள்.

நான் எழுதிக்கொண்டேன். தையல்காரரிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. அந்த வருடம் எந்தச் சாவடியிலும் யாரும் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது வருடம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு பெரிய லாரி வைத்திருந்த ஒருவருக்குக் குத்தகை கைமாறிவிட்டது. அண்ணன் டவுனுக்குள்ளேயே ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போனார். எனக்குக் கல்யாணம் பேசி புக்கிட் ரம்பாய்ப் பக்கம் கொடுத்தார்கள். அந்த ஆவணியில் புதுக் குத்தகைக்காரர் வழி விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாராம். சாவடி நேரங்களை அண்ணன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது தோட்டத்தில் லாரியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் அந்தப் பெண்கள் எந்த அளவு சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.